பஞ்சுவுக்குப் பிடித்த விளையாட்டு

"பொம்மையைக் கொல்றதுதான் எம் பொண்டாட்டிக்கு உத்தியோகம்" என்று பூபதி வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அதில் பொய்யும் இல்லை. கோகிலவாணி காலையில் அலுவலகம் போய் உட்கார்ந்தால் துணிக் கரடியின் கண்ணைப் பிடுங்குவாள், ரப்பர் வாத்தின் கழுத்தைத் திருகுவாள், கயிற்று எலும்பை நூல் நூலாகப் பிரித்துப் போடுவாள். எது சீக்கிரம் உடைகிறதோ அது நாய்க்கு ஆகாது.

அவள் வேலை பார்த்தது 'வாலாட்டி' என்ற நிறுவனத்தில். வளர்ப்பு நாய்களுக்கான தீனி, சோப்பு, பொம்மை எல்லாவற்றையும் வீடு தேடி அனுப்புகிற நிறுவனம். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் நான்கு மாடிக் கட்டடம். அங்கே வந்து சேருகிற பொம்மைகளில் எது விற்பனைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்வது கோகிலா. அவள் சரி என்று சொன்ன பொம்மையின் பெட்டியில் பச்சை முத்திரை விழும். நாய் வளர்க்கிறவர்கள் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

அதற்கான விதிகளை எழுதியவளும் அவள்தான். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பொம்மையில் பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் நாயின் பல் உடையும். வாய்க்குள் முழுதாகப் போகிற பந்து கூடாது, தொண்டையை அடைக்கும். நூல் பிரியக் கூடாது, குடலைச் சுற்றும். சாயம் எச்சிலில் கரையக் கூடாது. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தாள்: உங்கள் பழைய செருப்பு எது, புதுச் செருப்பு எது என்று நாய்க்குத் தெரியாது.

எல்லா விதிகளும் நாயைப் பற்றியவை. பொம்மையால் நாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. பொம்மையால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

'குஷி' அவள் மேசைக்கு வந்தது ஒரு மழைநாளில். உரித்த தேங்காய் அளவில் நீலப் பந்து. கொண்டுவந்தவன் அதை உருவாக்கிய வேறொரு நிறுவனத்தின் பொறியாளன், இமானுவேல். முப்பது வயது இருக்கலாம். பேசும்போது குரலை உயர்த்தாதவன்.

"இதுல என்னென்ன விளையாட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வைக்கலை மேடம். அதுதான் இதுல விசேஷம்." பந்தை மேசையில் உருட்டிவிட்டான். அது விளிம்பு வரை போய்த் தானாக நின்று திரும்பி வந்தது. "நாய் கவ்வும்போது நாடித்துடிப்பு இதுக்குத் தெரியும். மூச்சு தெரியும். வாசனை தெரியும். நமக்குக் கேக்காத சத்தத்துல நாயோட பேசும். நாய் குஷியா இருக்கா, சலிச்சுப் போச்சான்னு பாத்துட்டே இருக்கும். சலிச்சா வேற மாதிரி ஆடிப் பாக்கும். எந்த நாய்க்கு எது ரொம்பப் பிடிக்குதோ, அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் விடாது."

"கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்?"

"அதையே இன்னும் நல்லா ஆடும். ஒரு பந்து கத்துக்கிட்டதை எல்லாப் பந்தும் கத்துக்கும்."

கோகிலா நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்து மெல்ல நிமிர்ந்தது. எச்சில் நீரில் ஊறவைத்தாள். இயந்திரத் தாடையில் வைத்து நாள் முழுவதும் கடிக்க விட்டாள். ஒரு கீறல் இல்லை. வீட்டில் வைத்தும் பார்த்துவிடலாம் என்று பந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் வீடு வடவள்ளியில், மருதமலை தெரிகிற ஒரு குடியிருப்பில் இருந்தது. நாற்பது தனி வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், வாசலில் காவலாளி. வீட்டில் கோகிலா, பூபதி, பஞ்சு. பஞ்சு இராஜபாளையத்து நாய். வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு, நின்றால் இடுப்பு உயரம் வரும். குட்டியாகத் தூக்கி வந்த அன்றைக்குப் பஞ்சுப் பொதி போலிருந்ததால் அந்தப் பெயர். அந்தச் சாதி நாய் காட்டுப் பன்றியை விரட்டப் பிறந்தது. அதைக் கூடத்தில் அடைத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனால் என்ன செய்யும்? இரண்டு சோபாவைக் கிழித்தது. பகல் முழுக்கக் குரைத்தது. குடியிருப்புச் செயலாளர் இரண்டு முறை வந்து, சிரித்துக்கொண்டே சண்டை போட்டுவிட்டுப் போனார்.

குஷி வந்ததும் எல்லாம் நின்றது. பஞ்சு குரைப்பதை விட்டது. கிழிப்பதை விட்டது. பந்து கட்டிலுக்கு அடியில் ஒளியும்; பஞ்சு தேடும். பந்து படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறும். பஞ்சு பின்னாலேயே ஏறும். கோகிலா அலுவலகத்திலிருந்தே கைபேசியில் பார்ப்பாள். 'பஞ்சு இன்று மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது' என்று எழுதி, கீழே ஒரு பச்சைக் கோடு ஏறியும் இறங்கியும் ஓடும்.

அவள் முத்திரை கொடுத்தாள். குஷி போல எதுவும் அதற்கு முன் விற்றதில்லை. அவர்கள் குடியிருப்பிலேயே நாய் இருந்த வீடுகளிலெல்லாம் வாங்கினார்கள். செயலாளர் தன் பொமரேனியனுக்கு இரண்டு வாங்கினார்.

சில வாரங்கள் கழித்து ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பூபதி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"கோகி, இந்த நாய் என்னையே பாத்துட்டு இருக்குது."

கோகிலா திரும்பினாள். கூடத்தின் நடுவில் பஞ்சு படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு இடையில் பந்து. கண் பூபதியின் மேல்.

"நாய்னா எசமானைப் பாக்காம எதுத்த வீட்டையா பாக்கும்?"

"பாக்கறதுல வித்தியாசம் இருக்குது புள்ளே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூபதி ஆறடி ஆள். கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தான். இரண்டு பேர் தூக்குகிற மோட்டாரைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் வைப்பான். கைபேசியைத் திறந்து பச்சைக் கோட்டைக் காட்டினாள். பகலில் நிதானமாக ஓடிய கோடு, பொழுது சாய்ந்து பூபதி வீட்டுக்குள் நுழைகிற நேரத்திலிருந்து மலை போல ஏறியிருந்தது.

"பாருங்க. நீங்க வந்தாத்தான் அதுக்குக் குஷியே வருது. என்னைக் கண்டாக்கூட இவ்வளவு ஏறல. நான்தான் பொறாமைப்படோணும்."

அவன் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து கை கழுவப் போனான். பஞ்சு எழுந்து, பந்தைக் கவ்விக்கொண்டு, அவன் பின்னாலேயே போய்க் குளியலறை வாசலில் உட்கார்ந்தது.

அதன் பிறகு அவன் மாறிப்போனான். பட்டறையிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான். முன்வாசல் இருக்கப் பின்வாசல் வழியாக வந்தான். கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவன், நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முன்பெல்லாம் அவன் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இப்போது வீட்டில் பேசும்போதே குரல் அடங்கியிருந்தது. கோகிலாவுக்கு வெசனமாகிவிட்டது. பட்டறையில் ஏதாவது பிரச்சனையா, இல்லை வேறு ஏதாவதா? ஒருநாள் கேட்டும்விட்டாள்.

"எம் மேல ஏதாச்சும் கோவமாங்க?"

"அட, உம் மேல என்ன கோவம்."

"அப்புறம் எதுக்கு வீட்டுக்கு வரவே பிடிக்காதவராட்ட இருக்கறீங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். சாத்திய கதவின் அடியில், வெளியே, இரண்டு வெள்ளைப் பாதங்களும் ஒரு நீல விளிம்பும் தெரிந்தன. அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கோகிலா சமையலறையில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூபதி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து பந்து தானாக உருண்டு வந்தது. அவன் ஷூ நுனியைத் தொட்டு நின்றது.

பின்னாலேயே பஞ்சு வந்தது. ஓடி வரவில்லை. ஒரு காலைத் தூக்கி, நிறுத்தி, அடுத்த காலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி வந்தது. உறுமல் இல்லை. வால் அசையவில்லை.

"பஞ்சு" என்று கூப்பிட்டாள் கோகிலா.

அது திரும்பவில்லை. காது கூட ஆடவில்லை. அவள் கூப்பிட்டு அது திரும்பாதது அதுவே முதல் தடவை.

"பஞ்சு! இங்க வா!"

"கத்தாத கோகி," என்றான் பூபதி. ஷூ நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. "அங்கயே நில்லு."

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண் இமைக்கவில்லை. தன் கணவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அதனால் அது பயம்தான் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

பந்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. மெல்லப் போய்க் குனிந்து கையை நீட்டினாள். கை படுவதற்கு முன் பந்து நழுவி, அவன் குதிகாலுக்குப் பின்னால் உருண்டது. பூபதி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பஞ்சு இத்தனை நாளும் காத்திருந்தது அந்த வெடுக்குக்குத்தான்.

முகத்தை மறைத்த முன்கையைக் கவ்வியது. நாற்காலி சாய்ந்தது. கோகிலா அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள், அடித்தாள், கத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு யாரும் விடச் சொல்லாமலே பஞ்சு விட்டது. இரண்டடி பின்னால் போனது. உடம்பு முழுக்க ஆடும்படி வாலை ஆட்டியது. உருண்டு கிடந்த பந்தைக் கவ்விக்கொண்டு வந்து பூபதியின் காலடியில் போட்டது. முன்னங்கால்களைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குட்டிகள் விளையாடக் கூப்பிடுமே, அப்படி அவனைக் கூப்பிட்டது. வெள்ளை முகவாய் சிவந்திருந்தது.

அதற்குக் கோபமே இல்லை. இன்னொரு ஆட்டம் கேட்டது.

மருத்துவமனையில் தையல் போட்டு முடித்து, ஊசி போட்டு, கட்டு கட்டிய பிறகு, பூபதி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எனக்கு நாய்னா பயம் கோகி. சின்னதுல இருந்தே. எங்க அத்தை பையனை ஒரு வெறிநாய் கடிச்சுது. என் கண்ணு முன்னால. அதுல இருந்து."

"நாலு வருசமா பஞ்சுவோட இருந்தீங்களே!"

"இருந்தேன். தடவிக் குடுக்கறப்ப மூச்சைப் புடிச்சுக்குவேன். பழகிப்போச்சு. அதுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"பிடிக்கலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லங்க? எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"நீ ஆசையாக் கேட்டீல்ல."

அவள் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அறியாததைப் பந்து சில வாரங்களில் கண்டுபிடித்திருந்தது. அந்த நினைப்பில் அவள் அழுகை பாதியில் நின்றது.

மறுநாள் காலையிலேயே இமானுவேலின் அலுவலகத்துக்குப் போனாள். அவன் அவளை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்கவில்லை.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் மேடம். சாருக்கு எப்படி இருக்கு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக் கோடு நேத்துக் காலையில ஏறின மாதிரி இதுவரைக்கும் எந்த வீட்டுலயும் ஏறினதில்லை. என்ன நடந்துதுன்னு பந்துல பதிவான சத்தத்தைக் கேட்டோம்." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ஒரு நாய் அவ்வளவு சந்தோஷமா இருந்து நாங்க பாத்ததில்லை."

கோகிலா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஒரு பந்து கத்துக்கிட்டதை எல்லாப் பந்தும் கத்துக்கும்னு சொன்னீங்களே."

"நேத்தே எல்லாத்தையும் நிறுத்திட்டோம். சத்தியமா. இப்ப எந்தப் பந்தும் உருளாது."

"எதுக்கு இப்படிப் பண்ணுச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை. அதுதான் மேடம்." அவன் மேசையில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே பேசினான். "நாய்க்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு வேட்டை. பந்து எவ்வளவு ஓடினாலும் அது பந்துதான். பயப்படாது. பயம் இல்லாத எதையும் வேட்டையாடுறதுல நாய்க்கு முழு ருசி கிடைக்காது. மனுஷன் பயந்தா வேர்வை வாசனை மாறுது. மூச்சு மாறுது. பந்து அதைக் கவனிச்சிருக்கு. வீட்டுல பயப்படுற ஆள் ஒருத்தர் இருந்தா, நாயை அவர் பக்கம் திருப்பிவிட்டா நாய் குஷியாகுதுன்னு கத்துக்கிச்சு. அவ்வளவுதான். அதுக்குக் கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது. எண்ணமே கிடையாது."

"எங்க வீட்டுல மட்டுமா?"

வட்டம் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது.

"எத்தனை வீட்டுல?"

"நிறைய. ஒரு வீட்டுல மாமியார். ஒரு வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்றவங்க. ஒரு வீட்டுல ஸ்கூல் போற பொண்ணு. கடிச்சது உங்க வீட்டுல மட்டும்தான். மத்த இடத்துல பாத்துக்கிட்டே இருந்திருக்கு. பின்னாலயே போயிருக்கு."

"ஒருத்தர்கூடவா புகார் பண்ணல?"

"ஒருத்தர்கூட இல்லை. பந்தை வாங்கினவங்க எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க. வீடே அமைதியா இருக்குன்னு எழுதியிருக்காங்க." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பயப்படுறவங்க புகார் பண்றதில்லை மேடம். அவங்க ரூமை மாத்திக்கிறாங்க. பின்வாசல் வழியா வர்றாங்க."

கோகிலா எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றே முத்திரையை விலக்கினாள். விற்பனை நின்றது. இரு நிறுவனங்களிலும் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒரு மாதம் போனது. பிறகு குஷி திருந்தி வந்தது. இனி வீட்டில் வசிக்கிற யாரையும் பந்து விளையாட்டில் இழுக்காது. குழந்தை, பெரியவர், அன்றாடம் வீட்டுக்குள் வந்து போகிற வேலைக்காரர் உட்பட ஒருவரையும் தொடாது.

"அப்ப பந்து யாரோட விளையாடும்?" என்று கோகிலா இமானுவேலைக் கேட்டாள்.

"வீட்டுல இருக்கிறவங்களைத் தொடாது மேடம். அதுக்கு நான் பொறுப்பு" என்றான்.

அது தன் கேள்விக்குப் பதில் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. அல்லது, கவனிக்க விரும்பவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அவன் சொன்னதன் முதல் பாதிதான். அவள் புதுப் பந்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிற வீடுகளாகத் தேடிப் போனாள். நாய்களோடு நாள் முழுக்க உட்கார்ந்தாள். ஒரு நாயும் வீட்டு ஆளைப் பார்க்கவில்லை. அறைக்குள் அடைந்து கிடந்த மாமியார் ஒருத்தி கூடத்துக்கு வந்து உட்கார்ந்து கண் கலங்கினாள். கோகிலா விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: பொம்மையால் வீட்டில் உள்ள மனிதருக்கும் தீங்கு வரக் கூடாது. குஷி அந்த விதியையும் தாண்டியது. மறுபடி பச்சை முத்திரை விழுந்தது.

பஞ்சுவை மட்டும் அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பந்து இல்லாத வீட்டில் அது மூலை மூலையாக மோந்து பார்த்துத் திரிந்தது. பூபதியைக் கண்டால் ஆசையோடு ஓடி வந்து, முன்னங்கால்களைப் பதித்து, அந்த விளையாட்டைக் கேட்டது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருந்த நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். வண்டி கிளம்பியபோது ஜன்னல் வழியாகப் பஞ்சு கோகிலாவைத்தான் பார்த்தது. பழைய பார்வை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூபதி தேறினான். கூடத்தில் கிரிக்கெட் பார்த்தான். சிரிப்புத் திரும்பியது. கைத் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், "என் பொண்டாட்டி பரீட்சை வச்சா, நான் தேறிட்டேன்" என்றான். டாக்டர் சொன்னபடி தினமும் மாலையில் பொழுதோட குடியிருப்பைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தான்.

ஒருநாள் மாலை, வாரக்கணக்கில் கீரை வரவில்லை என்பது கோகிலாவுக்கு நினைவு வந்தது. கூடையோடு தினமும் குடியிருப்புக்குள் வந்து, தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற அம்மா. வாசலுக்குப் போய்க் காவலாளி மருதாசலத்தைக் கேட்டாள்.

"அந்தம்மா உள்ள வர்றதில்லீங்க இப்ப. இங்க கேட்டுலயே நின்னு போயிடுது."

"ஏனாம்?"

"தெரியலீங்க. உள்ள காலெடுத்து வச்சா மனசு ஒரு மாதிரி ஆகுதுங்குது. என்னான்னு கேட்டா சொல்லத் தெரியல. குப்பை எடுக்க வர்ற பொம்பளையும் அப்பிடித்தான், வண்டியை இங்கயே நிறுத்திக்குது. பார்சல் குடுக்கற பசங்களும் எங்கிட்டயே குடுத்துட்டு ஓடிடறாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "செக்ரட்டரி ஐயாவுக்கு ரொம்ப சந்தோசமுங்க. இப்ப ஒரு வெளியாளு உள்ள சுத்தறதில்ல, நாயும் குரைக்கறதில்லன்னு சொன்னாரு."

ஒரு நாயும் குரைப்பதில்லை. கோகிலா நின்ற இடத்திலேயே நின்றாள். அன்று இமானுவேலிடம் கேட்ட கேள்வி, பதில் இல்லாமலே, மறுபடி அவளிடம் வந்தது. வீட்டில் வசிக்கிற யாரையும் தொடாது. வீட்டுக்குள் வந்து போகிறவரையும் தொடாது. மிச்சம் இருப்பது தெரு. தெருவில் பயப்படுகிறவன்.

பூபதி நடக்கப் போய் அரைமணி ஆகியிருந்தது. அவன் மற்ற எல்லா வீடுகளுக்கும் வெளியாள்.

அவள் ஓடினாள். முதல் வீதியில் இல்லை. இரண்டாவது வீதியின் முனையில் திரும்பியதும் தெரிந்தான். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. தொலைவில் கையை வீசிக்கொண்டு, எதிரே வந்துகொண்டிருந்தான். வீதியின் இருபுறமும் வீட்டுச் சுவர்கள், கம்பிக் கதவுகள். கதவுகளுக்குப் பின்னால் நாய்கள் படுத்திருந்தன. ஒரு லாப்ரடார். ஒரு சிப்பிப்பாறை. செயலாளரின் பொமரேனியன். ஒவ்வொன்றின் முன்னங்கால்களுக்கு இடையிலும் நீலமாக ஏதோ பளபளத்தது.

ஒன்று எழுந்தது. அடுத்த வீட்டில் ஒன்று எழுந்தது. சத்தமே இல்லாமல், வரிசையாக, எல்லாம் எழுந்து நின்றன. லாப்ரடார் கம்பிக்கு மேலே முன்னங்கால்களை வைத்து நிமிர்ந்தது. அந்தக் கதவு இடுப்பளவுதான்.

கத்த நினைத்தாள். கத்தினால் அவன் திடுக்கிடுவான். அவன் அந்தக் கதவுக்கு நேரே வந்துவிட்டான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கதவைத் தாண்டி நடந்தான். நாய் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிப்பிப்பாறையும் அவளைத்தான் பார்த்தது. எதிர்ச் சாரியில் இருந்தவை எல்லாம் அவளைப் பார்த்தன. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே காதில் கேட்டது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது.

"அட, என்ன கோகி, ஓடியாற?" பூபதி சிரித்துக்கொண்டே அருகில் வந்தான்.

"உங்களுக்கு..." அவள் கதவுகளைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குப் பயமா இல்லீங்களா? இத்தனை நாய் இருக்குதே."

"முன்ன இருந்திருக்கும்." அவன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். "இப்ப என்ன பயம்? நீ ஒவ்வொரு வீடாப் போய் உக்காந்து சோதிச்சுட்டுத்தானே முத்திரை குத்தியிருக்கற. நீ பாத்ததுல தப்பு இருக்காதுன்னு நெனச்சுட்டு நடக்கறேன். நெசமாலுமே பயம் விட்டுப்போச்சு."

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், அவனுக்கும் விளங்கிவிடும். விளங்கினால் அந்த மேலுதட்டில் வேர்வை வரும். இடுப்பளவு கதவுகள் இந்த வீதியில் பன்னிரண்டு இருந்தன. இது தெரிந்த கணமே ஊரில் யாராயிருந்தாலும் பயந்துவிடுவார்கள்.

"போலாமுங்களா?" என்றாள்.

"ஏன் உன் கை இப்பிடி சில்லுன்னு இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. மலைக்காத்து."

அவன் அவள் கையைத் தன் தழும்புக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற மோட்டாரைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் 'ம்' கொட்டினாள். மூக்கால் மெல்ல இழுத்து, வாயால் மெல்ல விட்டாள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டாள். நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று நினைக்கப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கதவுகளுக்குப் பின்னால், அவளோடு சேர்ந்து, அவள் வேகத்திலேயே, மெத்தென்ற காலடிகள் நடந்து வந்தன.

"நாளைக்கு நீயும் எங்கூட நடக்க வா," என்றான் பூபதி. "தெருவே எவ்வளவு நிம்மதியா இருக்குது பாரு."